நான்கு சின்னான்களும் ஒரு கணவாயும்

திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில் கொண்டைக்குருவியைப் பார்க்க யாரும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. விடியலில் தெருவோடு பாவை இழுத்துக் கட்டி நெசவாளர்கள் இழை சரிபார்க்கும் நேரத்தில், தலைக்கு மேலே மின்கம்பியில் அது உட்கார்ந்திருக்கும். கரிய தலை, சிறு கொண்டை, வாலடியில் சிவப்பு. பறவை நூல்களில் இதன் பெயர் செம்புழைச் சின்னான். முருங்கை, வேம்பு, கோயில் நந்தவனம், பேருந்து நிலையத்துப் பெயர்ப்பலகை, எதுவானாலும் இதற்குச் சம்மதம்.

இந்த ஊரிலிருந்து மேற்கே புறப்பட்டு, போளூரைத் தாண்டி ஜவ்வாது மலைமேல் ஏறிவிட அரை நாள் போதும். அந்த அரை நாள் பயணத்தில் சின்னான் குடும்பத்தின் நான்கு இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறை மாறுகின்றன. ஊருக்குள் செம்புழைச் சின்னான். ஊர் எல்லையில் காரையும் சூரையும் மண்டிய புதர்க்காட்டில் வெண்புருவச் சின்னான். மங்கலான ஆலிவ் நிறம் கொண்ட இது கண்ணில் படுவதைவிடக் காதில் விழுவதுதான் அதிகம். பாறைகள் உருண்டு கிடக்கும் மலைச்சரிவில், அதிர்ஷ்டமிருந்தால், மஞ்சள்தொண்டைச் சின்னான். மலையின் மேல்தளத்தில், மரநிழலும் தோட்டமும் உள்ள இடங்களில், கன்னத்தில் சிவப்புத் தீற்றலோடு செம்மீசைச் சின்னான்.

நான்கும் பழம் தின்பவை, நான்கும் பூச்சி பிடிப்பவை. உருவத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. மேல்தளத்திலிருந்து ஒரு செம்மீசைச் சின்னான் காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் சேத்துப்பட்டு வந்து சேர்ந்துவிடலாம். வழியில் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. ஆனாலும் அது வருவதில்லை. பெங்களூரின் தோட்டங்களில் சாதாரணமாகத் திரியும் அதே பறவைக்கு, கீழே உள்ள இந்தச் சமவெளி ஏன் ஆகவில்லை?

கையேடுகளில் உள்ள பரவல் வரைபடங்கள் இந்தக் கேள்வியை மறைத்துவிடுகின்றன. தென்னிந்தியா முழுவதும் ஒரே வண்ணத்தைப் பூசிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வண்ணத்துக்குள் எத்தனை ஓட்டைகள் இருக்கின்றன என்பது ஊரளவில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். பட்டுச் சேலையில் உடலும் கரையும் கோர்வையில் சந்திக்கும் இடம் போல, சில பறவைகளின் எல்லை அவ்வளவு துல்லியமாக ஓரிடத்தில் மாறும். வேறு சிலவற்றுக்கு எல்லை எங்கே என்று விரல் வைத்துக் காட்டவே முடியாது.

முதலில் மழை. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு ஆண்டில் ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை கிடைக்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் அதை ஏறத்தாழச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவர்களுக்கு இந்த இரண்டு பருவங்களும் நன்றாகத் தெரியும். குழியில் ஈரம் ஏறும், தெருவில் பாவு விரிக்க முடியாது. ஆயிரம் மில்லிமீட்டர் என்பது குறைவான மழையும் அல்ல. உலகின் பல பசுமையான நாடுகளுக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கிறது. அப்படியிருந்தும் இங்கே வளர்வது முட்புதர்க்காடு. காரணம், மழையின் மொத்த அளவைவிடக் காய்ச்சலின் நீளம் முக்கியம். ஜனவரி பிறந்தால் மே முடியும்வரை நிலம் காய்கிறது. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியை எட்டுவது இந்தப் பக்கத்தில் செய்தியே அல்ல. ஐந்து மாதம் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கத் தெரிந்த செடிகள்தான் இங்கே நிற்கும். அந்தச் செடிகளின் பழத்தையும் நிழலையும் வைத்துப் பிழைக்கத் தெரிந்த பறவைகள்தான் இங்கே தங்கும்.

அடுத்தது உயரம். ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் ஆறு டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். ஜவ்வாது மலை பெரிய மலை அல்ல. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் சுமார் 700 மீட்டர், மலையின் உச்சிகள் ஆயிரத்தைச் சற்றே தாண்டுபவை. ஆனால் அந்தச் சில டிகிரி போதும். மே மாதத்தின் கொடுமை தணிகிறது, பனியும் மேகமும் கொஞ்சம் ஈரத்தைத் தக்கவைக்கின்றன, ஓடைக்கரை மரங்கள் இலையுதிர்க்காமல் நிற்கின்றன. செம்மீசைச் சின்னானுக்கு வேண்டியது அதுதான்.

மஞ்சள்தொண்டைச் சின்னானின் கதை வேறு. நெல்லூரில் அரசு மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1840களில் இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். உலகிலேயே தீபகற்ப இந்தியாவில் மட்டும், அதிலும் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் பாறை மலைகளில் மட்டும் வாழ்வது. நந்தி மலையிலும் ஹார்ஸ்லி மலையிலும் பறவை ஆர்வலர்கள் இதைத் தேடித்தான் போகிறார்கள். இதற்கு உயரம் ஒரு பொருட்டல்ல. வீட்டளவு பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்க வேண்டும், அவற்றின் இடுக்குகளில் அத்தியும் கல்லிச்சியும் வேர்விட்டிருக்க வேண்டும், புதர் அடர்ந்திருக்க வேண்டும். பாறைகளுக்கு நடுவே நிழலும் ஈரமும் கோடையிலும் முழுதாக வற்றுவதில்லை. சுற்றிலும் வெயில் கொளுத்தும்போது அந்த இடுக்கு ஒரு சிறு சோலையாகிவிடுகிறது.

இந்தப் பறவை பரந்த பகுதியில் வாழ்கிறதே என்று ஆறுதல் அடையக் கூடாது. சேத்துப்பட்டு, செஞ்சி, திருவண்ணாமலைச் சாலைகளில் போகிறவர்களுக்குத் தெரியும்: வயலுக்கு நடுவே ஒரு குன்று, பிறகு நெடுந்தூரம் சமவெளி, மறுபடி ஒரு குன்று. மஞ்சள்தொண்டைச் சின்னானின் உலகம் அந்தக் குன்றுகளின் கூட்டல். நடுவில் உள்ள நெல்லும் கரும்பும் அதற்குக் கடல். ஒரு குன்றைக் கல்குவாரிக்கு விட்டுவிட்டால், அந்தக் குன்றின் பறவைகளை மட்டும் இழப்பதில்லை. அதன் இரண்டு பக்கமும் இருந்த குன்றுகளுக்கு இடையிலான தூரமும் கூடிவிடுகிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்தப் பறவை அழியும் வாய்ப்புள்ள இனமாக இருப்பதற்குக் கல் உடைப்பும் ஒரு காரணம்.

சிறகுள்ள உயிருக்குச் சில கிலோமீட்டர் வயல்வெளி எப்படித் தடையாகும் என்று கேட்பது நியாயம். இதற்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன, இரண்டும் வெப்பமண்டலத்துக்கே உரியவை.

1967இல் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் ஒரு கட்டுரை எழுதினார். வெப்பமண்டலத்தில் மலைக் கணவாய்கள் ‘அதிக உயரமானவை’ என்பது அவர் வாதம். குளிர் நாட்டு விலங்கு ஒன்று கோடையில் 30 டிகிரியையும் குளிர்காலத்தில் உறைபனியையும் ஒரே ஆண்டில் பார்த்துவிடுகிறது. மலை ஏறினாலும் பள்ளத்தாக்கில் இறங்கினாலும் அது சந்திக்கும் வெப்பம் ஏற்கெனவே அதன் உடலுக்குப் பழக்கமானது. வெப்பமண்டல மலையில் வாழும் உயிருக்கு அந்தப் பழக்கம் இல்லை. அங்கே ஜனவரிக்கும் ஜூலைக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் குறுகிய வெப்ப வரம்புக்குள்ளேயே வாழ்ந்த உடல் அது. கீழே இறங்கினால் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்காத வெப்பத்தைச் சந்திக்க வேண்டும். அதனால் அதே உயரமுள்ள மலை, அதே அகலமுள்ள பள்ளத்தாக்கு, வெப்பமண்டலத்தில் பெரிய தடையாகிறது.

இரண்டாவது பதில் பனாமாவிலிருந்து வருகிறது. கால்வாய்க்காகக் காட்டூன் ஏரி உருவானபோது காட்டுக் குன்றுகள் சில தீவுகளாயின. அவற்றில் ஒன்றான பாரோ கொலராடோவிலிருந்து, காட்டின் அடித்தளத்தில் வாழும் பறவைகள் பல காலப்போக்கில் மறைந்துபோயின. சிறிது தூரத்தில் கரைக்காடு இருந்தும் அங்கிருந்து புதியவை வந்து இடத்தை நிரப்பவில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், பறவைகளைப் படகில் ஏற்றிச் சென்று கரையிலிருந்து 100 மீட்டர் முதல் சில நூறு மீட்டர்வரை தொலைவில் விட்டுப் பார்த்தார்கள். சில இனங்கள் எளிதாகக் கரை சேர்ந்தன. சில இனங்களால் 100 மீட்டரையே தாண்ட முடியவில்லை. அடர்நிழலில் கிளைக்குக் கிளை தாவியே வாழ்ந்த பறவைக்குத் திறந்த வெளி என்பது தசைக்கும் புரியாது, மனத்துக்கும் புரியாது.

இதைப் படித்துவிட்டு வலுவான சிறகு இருந்தால் தடையே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆறுமணிக்குருவியைப் பாருங்கள். வட இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் முட்டையிட்டுவிட்டு, தீபகற்பத்தை நெடுக்காகக் கடந்து, பருவமழை நேரத்தில் தமிழ்நாட்டுக்கு வருகிறது. அவ்வளவு தூரம் பறந்த பறவை இங்கே வந்ததும் ஏதோ ஒரு தோட்டத்துப் புதரடியில் சருகைக் கிளறிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தின் வலசைப் பாதையில் இமயமே குறுக்கே நிற்கிறது. அது அதையும் தாண்டி வருகிறது. கடக்க முடிவது ஒன்று, கடந்த இடத்தில் குடும்பம் நடத்த முடிவது வேறு.

செம்புழைச் சின்னான் இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து சாட்சி. அதற்கு உண்மையான தடையாக இருந்தது பெருங்கடல் மட்டும்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் ஃபிஜித் தீவுகளுக்குப் போன காலத்தில், கூண்டில் அடைபட்டு இந்தப் பறவையும் போனது. அங்கே கூண்டைவிட்டு வெளியேறிப் பெருகியது. இன்று பசிபிக்கின் பல தீவுகளில் பழத்தோட்டங்களுக்குத் தொல்லையாக இருக்கிறது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. சேத்துப்பட்டு மின்கம்பியில் அமைதியாக உட்கார்ந்திருப்பதற்கு அப்படி ஒரு மறுபக்கம்.

தமிழ்நாட்டில் தடை என்றால் என்ன என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் ஜவ்வாது மலை அல்ல. அதற்குப் பாலக்காட்டுக் கணவாய்க்குத்தான் போக வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து குமரிவரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளம். அதில் மிகப் பெரிய இடைவெளி கோவைக்குத் தென்மேற்கே இருக்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்நிலம். வடக்கில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கில் ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் கணவாயின் தரை சில நூறு மீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. ரயிலும் நெடுஞ்சாலையும் வியாபாரமும் காற்றும் அதன் வழியாகப் போகின்றன. காலங்காலமாக மனிதருக்கு அது வாசல்.

மேலே உச்சிப் பகுதிகளில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் இருக்கின்றன. சோலையின் இருட்டான தரையில் நீலநிறச் சிறு பறவை ஒன்று குதித்துத் திரியும். ஆங்கிலப் பட்டியல்களிலும் அதன் பெயர் இப்போது ‘சோலைக்கிளி’தான். 2017இல் இந்தப் பறவைகளுக்கென்றே தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. நீலகிரிப் பக்கத்துப் பறவைக்கு வயிற்றின் இருபுறமும் செம்பழுப்பு. கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையிலும் பழனிமலையிலும் இருப்பதற்கு அந்தச் செம்பழுப்பு இல்லை, வயிறு வெண்மை. இன்னும் தெற்கே, செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி, அகத்தியமலை சார்ந்த அசம்பு மலைகளில் இருப்பது மூன்றாவது இனமாகப் பிரிக்கப்பட்டது. சிரிப்பான் குருவிகளிலும் இதே கதைதான். பாணாசுரமலை, நீலகிரி, பழனி, அசம்பு என்று மலைக்கு ஒன்றாக நான்கு இனங்கள்.

இவற்றைக் கண்ணால் பார்த்து மட்டும் பிரிக்கவில்லை. வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சி.கே. விஷ்ணுதாஸ் முதலிய ஆய்வாளர்கள் மலை மலையாக வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து, மரபணு மாதிரி எடுத்துக்கொண்டு மீண்டும் பறக்கவிட்டார்கள். 2015இல் வெளியான அவர்களின் ஆய்வு 9 இடங்கள், 23 இனங்கள், 356 பறவைகள் என்று விரிந்தது. ஒரு பறவையை மட்டும் எடுத்துக்கொண்டு கதை சொல்வது எளிது. ஒரு மலைச் சமூகத்தையே எடுத்துக்கொண்டதுதான் இந்த ஆய்வின் பெருமை என்பேன். 23இல் 10 இனங்களில் மிகப் பழைய மரபுப் பிளவு பாலக்காட்டுக் கணவாயில் விழுந்திருந்தது. அந்தப் பத்திலும் சில இனங்களில் மட்டும், ஆழமும் அகலமும் குறைந்த மற்றப் பள்ளத்தாக்குகளில் பிந்திய பிளவுகள் இருந்தன. ஒன்றுக்குள் ஒன்றாகப் பிளவுகள். பள்ளம் எவ்வளவு ஆழமோ பிளவு அவ்வளவு பழையது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மீதிப் பதின்மூன்று. அதே மலை, அதே சோலை, அதே கணவாய். ஆனால் அவற்றின் மரபில் தழும்பே இல்லை. சிலவற்றின் முன்னோர்கள் கணவாயைக் கடந்துகொண்டே இருந்திருக்கலாம். அல்லது ஒரு பக்கம் அழிந்து, மறுபக்கத்திலிருந்து வந்தவை மீண்டும் குடியேறியிருக்கலாம். ஆக, பாலக்காட்டுக் கணவாய் தடையா என்ற கேள்விக்கு நிலப்படத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது. எந்தப் பறவைக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

எப்போது என்றும் கேட்க வேண்டும். ஏனென்றால் தட்பவெப்பம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நீலகிரியின் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகள் மக்கி அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. மரங்களும் வெப்பநிலப் புற்களும் காற்றிலுள்ள கரியை வெவ்வேறு வழியில் உறிஞ்சுகின்றன. கனமான கரி அணுவுக்கும் இலேசான கரி அணுவுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், அந்தப் படிவு மரத்திலிருந்து வந்ததா, வறண்ட புல்லிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் நீலகிரி வறண்டிருந்தது, புல் ஓங்கியிருந்தது. பிறகு சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்து ஈரச் செடிகள் மேலோங்கின. இப்படி ஈரமும் வறட்சியும், குளிரும் சூடும் மாறி மாறி வந்த ஒவ்வொரு முறையும் சோலைகள் விரிந்தன, சுருங்கின, சில நேரம் ஒன்றையொன்று நெருங்கின, பிறகு மீண்டும் தனித்தன. 2015 ஆய்வில் பெரும்பாலான பிளவுகள் இந்தப் பனியுகச் சுழற்சிகளின் காலத்திலேயே விழுந்திருந்தன. ஆனால் எல்லா இனங்களும் ஒரே நேரத்தில் பிரியவில்லை. மலையும் பள்ளமும் மேடையைப் போட்டன. அதில் யார் எப்போது ஏறி இறங்கினார்கள் என்பதைத் தட்பவெப்பம் முடிவு செய்தது.

கடலே தடையாக இருக்கும் இடங்களிலும் அகலத்தைவிட ஆழம்தான் பேசுகிறது. 1856இல் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ் பாலித் தீவிலிருந்து லோம்போக்குக்குக் கடந்தார். குறுகலான இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் நீரிணை அது. பாலியில் குக்குறுவான்கள், லோம்போக்கில் கொண்டைக்கிளிகள். ஆசியப் பறவைகள் முடிந்து ஆஸ்திரேலியப் பறவைகள் தொடங்கும் இடம். அந்த நீரிணை மிக ஆழமானது. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் இறங்கியபோதும் அது வற்றவில்லை. நம் பாக் நீரிணை அதைவிட அகலம், ஆனால் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். பனியுகத்தில் ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே நிலம் இருந்தது.

அப்படியானால் இலங்கைப் பறவைகள் நம் பறவைகளாகவே இருந்திருக்க வேண்டாமா? பாதி அப்படித்தான். நமது முட்புதரின் வெண்புருவச் சின்னான் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கங்களிலும் இருக்கிறது, துணையினம் மட்டும் வேறு. ஆனால் இலங்கைக்கு மட்டுமே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பெரும்பாலானவை தென்மேற்கின் ஈரக்காடுகளிலும் நுவரெலியா போன்ற மலைநாட்டிலும் வாழ்பவை. மலைநாட்டில் மஞ்சள்காதுச் சின்னான் உண்டு. ஈரக்காடுகளில் கருந்தலையும் மஞ்சள் உடலும் கொண்ட ஒரு சின்னான் உண்டு. இதற்கும் நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் செந்தொண்டைச் சின்னானுக்கும் உள்ள நெருக்கத்தால், ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகக் கணக்கு வைத்தார்கள். கடல் விலகி நிலம் தெரிந்தபோதும் இவற்றின் முன்னோர்களுக்கு அது உதவவில்லை. நடுவில் தெரிந்த நிலம் ராமநாதபுரத்தையும் வன்னியையும் போலக் காய்ந்த நிலம். ஈரக்காட்டுப் பறவைக்குக் காய்ந்த நிலமும் கடல்தான். முட்புதர்ப் பறவைக்கு அது நடந்து போகும் தெரு.

இதே சிக்கலின் பெரிய வடிவம் ஒன்று நெடுங்காலமாக இந்திய உயிரியலாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுப் பறவைகள் பலவற்றின் உறவினர்கள் கிழக்கு இமயத்தில் இருக்கிறார்கள். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டர் வறண்ட தக்காணம். மீன்களை ஆராய்ந்த சுந்தர்லால் ஹோரா, ஒரு காலத்தில் ஈரமாக இருந்த சாத்பூரா மலைத்தொடர் வழியாக மீன்கள் தெற்கே வந்தன என்றார். 1949இல் பறவையியலாளர் சலீம் அலி அந்தத் தொடரைப் பறவைகளின் நெடுஞ்சாலை என்று எழுதினார். கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் ஒரு பாதையாக இருந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் அதைத் ‘தொடர்ச்சி’ என்று சொல்வதே கொஞ்சம் தாராளம். கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, பாலாறு, தென்பெண்ணை, காவிரி என்று ஆறுகள் அதைத் துண்டு துண்டாக அறுத்திருக்கின்றன. ஜவ்வாதுக்கு வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு, தெற்கே தென்பெண்ணை. ஜவ்வாதிலிருந்து ஏலகிரிக்கும், கல்வராயனுக்கும், சேர்வராயனுக்கும் போக ஒவ்வொரு முறையும் சூடான தாழ்நிலத்தில் இறங்கித்தான் ஏற வேண்டும். 1930களில் பறவையியலாளர்கள் ஹ்யூ விஸ்லரும் நார்மன் கின்னியரும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைப் பற்றி நீண்ட கட்டுரைத் தொடர் எழுதினார்கள். அதன் பிறகும் இந்தத் துண்டு மலைகளுக்கு மேற்குமலைக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. ஜவ்வாதின் செம்மீசைச் சின்னானுக்கும் ஏற்காட்டினதற்கும் மரபில் எவ்வளவு தூரம் என்பது நல்ல கேள்வி. சேத்துப்பட்டிலிருந்து சில மணிநேரத்தில் போய்விடக்கூடிய திருப்பதியின் அறிவியல் கல்வி நிறுவனத்தில்தான் ராபினின் ஆய்வுக்கூடம் இப்போது இருக்கிறது.

நிலத்தை மனிதன் மாற்றும்போது தடைகளும் இடம் மாறுகின்றன. தொண்டை மண்டலத்தின் ஏரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாதம் காயும் நாட்டில் நீர்ப்பறவைக்கு இயற்கையாக இவ்வளவு இடம் இருந்திருக்காது. மழைநீரைக் கரை கட்டி நிறுத்தியதால்தான் வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்ட வாய்த்தது. செய்யாறும் கமண்டல நாகநதியும் ஜவ்வாதிலிருந்து இறக்கிவரும் நீர் ஏரிக்கு ஏரி தேங்கித் தேங்கிப் போகும் வழியெல்லாம் கொக்குக்கும் நாரைக்கும் படிக்கட்டு.

இந்த மாற்றத்தில் மிகப் பெரிய பயணம் மயிலுடையது. மயில் காய்ந்த நாட்டுப் பறவை. புதர், திறந்த வெளி, நடந்து மேய இடம், இரவில் ஏற உயரமான மரம், இவை போதும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அதற்குக் குறையில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் அடர்ந்த ஈரம் அதற்கு ஒத்துவரவில்லை. 1933இல் சலீம் அலி திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பறவைக் கணக்கெடுத்தபோது மயில் அதில் இல்லை. இப்போது அங்கே மயிலைப் பார்க்காத மாவட்டத்தைத்தான் தேட வேண்டும். பாலக்காட்டை ஒட்டிய சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சஞ்சோ ஜோஸும் பி.ஓ. நமீரும் 2020இல் எழுதிய ஆய்வு, மயிலின் இந்தப் பரவலைக் கேரளத்தின் மாறிவரும் தட்பவெப்பத்துக்கு ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. மயில் வாழத் தோதான நிலம் அங்கே பெருகிக்கொண்டிருக்கிறது. சோலைக்கிளியைப் பல லட்சம் ஆண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும் அதே கணவாய், கிழக்கின் காய்ந்த நாட்டையும் மேற்கையும் மயிலுக்கு ஒரே தாழ்நிலமாக இணைத்து வைத்திருக்கிறது.

பாலக்காட்டு நெல் விவசாயிகள் இப்போது மயில் தொல்லை என்று மனுக் கொடுக்கிறார்கள். சேத்துப்பட்டுப் பக்கம் மல்லாட்டை போட்டு, விதைத்த மறுநாளே மயிலை விரட்ட ஆள் வைப்பவர்களுக்கு அந்த மனுவில் என்ன எழுதியிருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.